தொலைவிலிருந்து வரும் மருத்துவத்திற்குத் தமிழ் நாக்கு வேண்டும்

தொட்டும், தட்டியும், நாடி பிடித்தும், நாவை நீட்டச் சொல்லிப் பார்த்தும் நோய் காண்பதே வழிவழி வந்த மருத்துவ முறை. அம்முறைக்கு மாறாக, மருத்துவர் ஓரிடத்தும் நோயர் வேறோரிடத்தும் இருந்து, திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பண்டுவம் நடத்தும் தொலை மருத்துவம் இந்நாட்டிற்கு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஆரகொண்டா என்னும் சிற்றூரில் அப்பல்லோ மருத்துவமனையார் அமைத்த தொலை மருத்துவ நிலையத்தை, அந்நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். அன்று அது செல்வர் வீட்டு விந்தைபோல் பேசப்பட்டது. 2020-இல் கொரோனா என்னும் மகுடைத் தொற்று வந்து ஊரடங்கிய பின்னரோ, அது ஏழை வீட்டுத் தேவையாகிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நடுவணரசு தொலை மருத்துவத்திற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த ஏப்பிரல் 13-இல், நோயர் தம் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் 'இ-சஞ்சீவனி' ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 2023-ஆம் ஆண்டுப் பிப்பிரவரித் திங்களுக்குள் அதன்வழி நடந்த மருத்துவக் கலந்துரையாடல்கள் 10 கோடியைத் தாண்டின.

பெயரைப் பாருங்கள்! முன்னெழுத்து ஆங்கிலம், பின்னுள்ள சொல் வடமொழி. தமிழ்நாட்டு உழவர் ஒருவர் தம் வாயால் சொல்லி, இஃது இன்னது எனத் தெளியத்தக்க ஓர் எழுத்தும் அதில் இல்லை. ஆயினும், பெயரோடு நம் பூசலை நிறுத்திக்கொள்வோமாயின் நாம் சிறியோராவோம். சிக்கல் பெயரினும் ஆழத்தில் கிடக்கின்றது.

எதிரே அமர்ந்திருக்கும் மருத்துவர்க்கு நோயரின் மொழி சிறிது புரியாமற் போனாலும் கை துணை செய்யும். வயிற்றை அழுத்துவார், முகஞ் சுளித்தால் அறிந்து கொள்வார். உள்ளங்கையின் வியர்வையும் காலின் வீக்கமும் அவர்க்குச் செய்தி சொல்லும். தொலை மருத்துவத்திலோ கை இல்லை, மூக்கு இல்லை, மங்கிய திரையில் கண்ணும் பாதியே உண்டு. எஞ்சி நிற்பது சொல் ஒன்றுதான். நேர் மருத்துவத்தில் மொழி வழிகாட்டியென்றால், தொலை மருத்துவத்தில் மொழியே கருவி. அக்கருவி பழுதாயின் நோய் காண்பதும் பழுதாம். மருத்துவத்தில் தமிழ் வேண்டும் என்று நாம் கேட்கும்போதெல்லாம் அதனை மொழிவெறி என்று எள்ளி நகையாடுவோர், இஃது ஓர் உயிர்ச் சிக்கல் என்பதை இனியேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்மையில் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் நலவாழ்வு நிலையத்தில் நாம் நேரிற் கண்டதைச் சொல்கின்றோம். அறுபது அகவை கடந்த மூதாட்டி ஒருவர் திரைமுன் அமர்ந்திருந்தார். மறுமுனையில் இளைய மருத்துவர். தமிழர்தாம், மழலைப் பள்ளி தொட்டு ஆங்கிலவழியில் வளர்க்கப்பட்டவர். "பெயின் இருக்கா, பாட்டி?" என்று கேட்டார். பாட்டி விழித்தார். "வலி, வலி இருக்கா?" என்று மீண்டுங் கேட்டார். "வலியெல்லாம் இல்ல ஐயா. தோளும் தாடையும் உளையுது. நெஞ்சு கரிக்குது. கிறுகிறுன்னு வருது" என்றார் அவர். வலியில்லை என்ற முதற் சொல்லை மட்டும் பற்றிக்கொண்ட மருத்துவர், செரிமானக் கோளாறு என்று முடிவுகட்டி மாத்திரை எழுதப் புகுந்தார். அருகில் நின்ற செவிலி அவ்வூர்ப் பெண். அவர் இடைமறித்து, "ஐயா, உளைச்சல்னு சொல்றாங்க. நடக்கையில கூடுதான்னு கேளுங்க" என்றார். கேட்டார், கூடுகிறது என்றார் மூதாட்டி. உடனே அங்கேயே நெஞ்சாங்குலையின் மின்வரைவு எடுத்தனர். அன்று மாலையே அவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தனர். நெஞ்சாங்குலைக்குச் செல்லும் குருதிக் குழாயில் அடைப்பு. அவரைக் காத்தது திரையன்று. 'உளைச்சல்' என்னுஞ் சொல்லின் பொருளறிந்த ஒரு செவிலியின் காது.

நோவைக் குறிக்க நம் மக்களிடத்தே வழங்கும் சொற்கள் எத்துணை என்பதை நம் மருத்துவக் கல்லூரிகள் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வலி, நோவு, குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், இசிவு, பிடிப்பு, சுளுக்கு, பொருமல், திமிர், மதமதப்பு, விறுவிறுப்பு. இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கத்தக்க வெற்றுச் சொற்களல்ல. மூச்சை இழுத்தால் விலாவில் குத்துவது ஒன்று. எலும்பின் உள்ளே துளையிடுவதுபோல் குடைவது வேறொன்று. நீர் பிரியும்போது தோன்றுவது கடுப்பு. நீரிழிவு முற்றி நரம்பு கெட்டவர் உள்ளங்காலில் உணர்வது காந்தல். அதுவே மேலும் முற்றி உணர்வு அற்றுப்போகுங்கால் மதமதப்பு. தேர்ந்த மருத்துவர் ஒருவர்க்கு இவ்வொவ்வொரு சொல்லும் நோயின் வாயிலைக் காட்டும். ஆங்கிலவழிப் படிப்போ, இவை யாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து, ஒன்று முதல் பத்து வரை எண் கொடு என்று பாட்டியைக் கேட்கின்றது!

மக்கள் சொல் எல்லாம் தெளிவானவை என்றும் நாம் சொல்ல வரவில்லை. 'மயக்கம்' என்பார், அது தலைச்சுற்றா, கண்ணிருட்டா, நினைவு தப்பியதா என்று துருவிக் கேட்டாலன்றித் தெரியாது. நெஞ்சில் எது வந்தாலும் 'வாய்வுப் பிடிப்பு' என்று தாமே பெயரிட்டு, பெருங்காயத்தையும் இஞ்சியையும் நம்பிப் பொன்னான நாழிகைகளை இழந்து மாண்டவர் எத்துணைப் பேர்! இவ்வளவும் தெரிந்த மருத்துவரே துருவிக் கேட்க முடியும். துருவிக் கேட்பதற்கும் அம்மக்களின் மொழியே வேண்டும்.

இனி, சிற்றூரின் இம்முனையில் யார் இருத்தல் வேண்டும் என்பது. மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்தர் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்ப் பகுதிகளில் கண் பார்வை நிலையங்களை அமைத்து வருகின்றது. அவற்றில் மருத்துவர் இரார். பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணை ஆய்ந்து படமெடுத்து அனுப்ப, தொலைவிலுள்ள கண் மருத்துவர் அதனைப் பார்த்து, நோயரோடு பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி போதுமாயின் அங்கேயே கண்ணாடி. அறுவை வேண்டுமாயின் மருத்துவமனைக்கு அழைப்பு. இந்த ஏற்பாடு நின்று நிலைத்ததற்குக் கரணியம் கணினியன்று. இம்முனையில் இருக்கும் பயின்ற கையும், ஊர்மொழி பேசும் வாயுமே. திருவள்ளுவப் பெருமான் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் கூறுகளை நான்காகப் பகுக்குங்கால், நோயர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து துணைசெய்வாரையும் நான்காவதாக எண்ணினார். அந்த நான்காமவரை ஒழித்துவிட்டு, செல்பேசி ஒன்றைக் கையில் கொடுத்துத் தொலை மருத்துவம் என்று பெயரிடுவது ஏமாற்று வேலை.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் காணத்தக்கது. மருந்து என்று பெயர் வைத்தாரே ஒழிய, பத்துப் பாக்களில் மூலிகைப் பெயர் ஒன்றும் இல்லை. மிகப் பலவும் உணவின் அளவையும், செரித்தபின் உண்ணுதலையும், ஒவ்வாததை விலக்குதலையும் பற்றியன. இயற்கை மருத்துவம் என இன்று நாம் வழங்குவதன் நடுப்புள்ளி இதுவே. உணவு, நீர், காற்று, வெயில், உழைப்பு, ஓய்வு, உறக்கம், உண்ணாநோன்பு, ஓகப் பயிற்சி ஆகியவற்றை அளவறிந்து ஆளுவது அம்மருத்துவம். சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசின் ஓக-இயற்கை மருத்துவக் கல்லூரி நடந்து வருகின்றது. அதன் பட்டப் படிப்பு, ஓராண்டு நேரடிப் பயிற்சியும் சேர்த்து, ஐந்தரை ஆண்டு. இத்துணை ஆண்டு பயின்று வெளிவருவோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்க்கு எவ்வளவு பயன்பட்டிருக்க வேண்டும்!

மருத்துவ முறைகளுள் தொலைவழியில் செல்லுதற்கு மிக ஏற்றது இதுதான் என்பது நம் கருத்து. அறுவைக் கத்தியைக் கம்பிவழி அனுப்ப முடியாது. ஊசி மருந்தை அனுப்ப முடியாது. ஆனால், "எப்போது உண்கிறீர், எவ்வளவு உண்கிறீர், எத்துணை நாழிகை உறங்குகிறீர்?" என்று கேட்டு, வாழ்முறையை மாற்றிச் சொல்லும் மருத்துவம் முழுமையும் சொல்லால் ஆனது. இன்று நம் சிற்றூர்களை அரிப்பவையோ குருதி அழுத்தமும் நீரிழிவும். 2021-ஆம் ஆண்டு ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் (நல்ல தமிழ்ப் பெயர், பாராட்டுகின்றோம்) பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சருக்கரையும் பார்த்து மாத்திரை தருகின்றனர். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. மாத்திரையோடு வரவேண்டிய சொல் இன்னும் போதிய அளவு வரவில்லை.

"சால்ட்டக் கொறைங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் உப்பு குறையுமா? நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. அஃது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நம் வீட்டில் உப்பு எங்கே ஒளிந்திருக்கின்றது? குழம்பில் மட்டுமன்று. கருவாட்டில், ஊறுகாயில், அப்பளத்தில், வற்றலில், மோர் மிளகாயில், கடைத் தின்பண்டத்தில். இராமநாதபுரத்துக் கடலோரத்து அம்மையார் ஒருவர்க்குக் 'கருவாட்டைக் கிழமைக்கு ஒருநாள் ஆக்குங்கள். உலையில் இடுமுன் நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள்' என்று சொல்லத் தெரிந்தவரே அவர்க்கு மருத்துவர். பச்சைக் காய்த்துண்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் சொல்லி, சந்தையில் கிடைக்காத அயல்நாட்டுக் கீரையைத் தின்னச் சொல்லும் இயற்கை மருத்துவரையும் நாம் பார்த்ததுண்டு. வரப்பில் முளைத்துக் கிடக்கும் பண்ணைக் கீரையும் குப்பைக் கீரையும், கொல்லையில் நிற்கும் முருங்கையும் அவர் படித்த ஆங்கில நூலில் இல்லை போலும். கேழ்வரகு தின்றால் நீரிழிவு ஓடிவிடும் என்று கூவுவோர் இன்னொரு புறம். கேழ்வரகும் மாவுப்பொருளே; களியேயாயினும் அளவோடுதான் உண்ண வேண்டும் என்பதை அச்சமின்றிச் சொல்வதே நேர்மையான மருத்துவம்.

இவ்விடத்து நம்மவரையும் சற்றுக் கடிந்துரைக்க வேண்டியுள்ளது. தமிழ்மேற் பற்றுக் கொண்டோருள் சிலர், பழமையானது யாவும் மருந்து, மேலையர் தந்தது யாவும் நஞ்சு என்னும் நினைப்பில் இருக்கின்றனர். இப்பேதைமை நம் இயக்கத்திற்கு இழுக்கு. நம் மக்களுக்கு இடர். இயற்கை மருத்துவத்தில் காந்தியடிகளை விஞ்சிய பற்றாளர் யார்? 1946-இல் பூனா மாவட்டத்து உருளி காஞ்சன் என்னும் சிற்றூரில் ஏழை உழவர்க்கென இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கியவர் அவர். அவரே 1924-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், எரவாடச் சிறையில் குடல்வால் அழற்சி கண்டபோது, பூனாவின் சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவர் மாடக்கின் கத்திக்குத் தம் உடலைக் கொடுத்தார். அறுவை நடக்கும்போது மின்விளக்கு அணைந்து கைவிளக்கின் ஒளியில் அது முடிந்தது. எங்கே மண்பற்றும் நீர்த்துணியும் போதும், எங்கே கத்தி வேண்டும் என்னும் வேறுபாடு அவர்க்குத் தெரிந்திருந்தது.

காசநோய் எனப் பலரும் வழங்கும் என்புருக்கி நோய்க்குத் தூய காற்றும் வெயிலும் நல்லுணவும் ஓய்வுமே மருந்து என்று ஒருகாலத்தில் உலகமே நம்பியது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், நோயருள் ஒரு சாராரை நல்ல உணவும் ஓய்வும் உள்ள நலவிடுதியிலும், மற்றொரு சாராரை நெருக்கடியான தம் ஏழைக் குடில்களிலும் வைத்து, இரு சாரார்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் முடிவு வெளிவந்தது: இரு சாராரும் ஏறத்தாழ ஒரேயளவில் நலமடைந்தனர். நோயைத் தீர்த்தது மருந்து. நல்லுணவு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். நல்லுணவை நம்பி மருந்தை விட்டவர் மாள்வார் என்பதே. உலகம் முழுதும் என்புருக்கி நோயர் வீட்டிலிருந்தே பண்டுவம் பெற வழி திறந்தது நம் சென்னையின் ஆய்வு என்பதில் நமக்குப் பெருமிதமும் உண்டு.

பாம்புக் கடியும் அத்தகையதே. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்நாட்டில் பாம்பு கடித்து மாண்டவர் ஏறத்தாழ 12 இலக்கம் பேர் என்பது ஆய்வாளர் கணக்கு. அவருள் மிகப் பலர் சிற்றூர் உழவரும் கூலியாட்களுமே. கடிவாயில் பச்சிலை அரைத்துக் கட்டிக் காத்திருந்தவரை எந்தத் தொலைத் திரையும் மீட்டதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கும் முறிமருந்து உண்டு. அதற்கு வேண்டும் நஞ்சைச் சேர்த்துத் தருவோருள் தலையாயவர், வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவு அமைத்த நம் இருளர் குடியினர். தமிழ்ப் பழங்குடியின் கையறிவில் விளைந்த மருந்தை விட்டுவிட்டு, மந்திரிப்பவன் வீட்டு வாயிலில் நிற்பதுதான் தமிழ்ப் பற்றா? நீரிழிவுடைய குழந்தைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டுக் கசப்புச் சாறு கொடு என்று செல்பேசியில் சொல்பவன் எவனாயினும், அவன் எத்துணைத் தூய தமிழில் சொன்னாலும், கொலைஞனே.

மாறாக, எளிய பொருளும் ஆய்ந்து தேறினால் எத்துணை ஆற்றல் பெறும் என்பதற்கும் சான்று உண்டு. 1971-இல் வங்கப் போரில் அடைக்கலம் தேடி வந்தோர் தங்கிய போங்கான் முகாமில் காலரா என்னும் வாந்திக்கழிச்சல் பரவியது. குருதிக்குழாய்வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலநாபிசு உப்பும் சருக்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நூற்றுக்கு நான்கினுங் குறைந்தது. இன்று தொலைவழியில் ஒரு தாய்க்கு அதனைச் சொல்ல வேண்டுமா? காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சருக்கரை ஆறு, உப்பு அரை. இதில் 'தலைதட்டிய' என்பதைச் சொல்லத் தெரியாமல் ஆங்கிலத்தில் உளறினால், தாய் குவித்துப் போடுவாள்; உப்பு மிகும்; குழந்தை துன்புறும். ஒரு சொல்லின் எடை இவ்வளவு.

சட்டத்தின் ஓட்டையையும் சுட்டவேண்டும். 2020-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ முறைகளுக்கான நாட்டு ஆணையச் சட்டம் சித்தம் உள்ளிட்ட முறைகளைத் தன்னுள் அடக்கியது. ஓகத்தையும் இயற்கை மருத்துவத்தையும் புறத்தே விட்டது. ஆதலால், ஐந்தரை ஆண்டு பயின்றவரும், நாலு படம் பார்த்துவிட்டுச் செல்பேசி முன் வந்தமர்பவரும், 'இயற்கை மருத்துவர்' என்னும் ஒரே பெயரில் உலவுகின்றனர். நேரில் வருபவனை ஊரார் அறிவர். திரையில் வருபவனை யாரறிவார்? தொலை மருத்துவம் செய்வோர் தம் பதிவெண்ணை மருந்துச் சீட்டிலும் பிறவற்றிலும் காட்டவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கின்றது. இயற்கை மருத்துவர்க்கும் அவ்விதியை உறுதியாக்கி, பெயரும் படிப்பும் பதிவெண்ணும் தமிழில் திரையின் தலைப்பில் நிற்குமாறு தமிழக அரசு ஆணையிட வேண்டும்.

தமிழில் மருத்துவம் முடியுமா என்று கேட்போர் இன்றும் உளர். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் கற்று, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அயலான் ஒருவன் நூற்றறுபது ஆண்டுகட்கு முன் செய்து காட்டியதை, தமிழர் ஆளும் நாட்டில் இயலாது என்பவர் முடியாமையைச் சொல்லவில்லை, மனமின்மையைச் சொல்கின்றனர். அரும்பாக்கத்துக் கல்லூரியிலும் பயிற்று மொழி ஆங்கிலமே. உணவைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் தமிழ் மக்களிடம் தமிழில் பேசப்போகும் ஒருவர்க்கு, அவற்றை ஆங்கிலத்தில் கற்பிப்பானேன்?

அரசுக்கு நாம் சொல்வது இது. மாவட்டந்தோறும் வழங்கும் நோய்ச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்நோயை ஐயுற வேண்டும் என்னுங் குறிப்போடு, தொலை மருத்துவர் கையில் ஓர் அகரமுதலியாகத் தரவேண்டும். மருந்துச் சீட்டில் மருந்தின் பெயர் எம்மொழியில் இருப்பினும், எப்போது, எத்துணை, உணவுக்கு முன்னா பின்னா என்பது தமிழில் அச்சாகி வரவேண்டும். பொது மருத்துவர், சித்த மருத்துவர், இயற்கை மருத்துவர் மூவரும் ஒரே ஏட்டில் குறிப்பெழுத வேண்டும். ஒருவர் நிறுத்தச் சொன்னதை மற்றவர் அறியாமற் போகும் இன்றைய நிலை ஒழிய வேண்டும். செவிலியரையும் தன்னார்வலரையும் அவ்வட்டத்தவராகவே அமர்த்தி, வாழத்தகுந்த சம்பளமும் தரவேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. ஊர்தோறும் உள்ள நம் அன்பர்கள், தொலை மருத்துவம் நடக்கும் நாளில் நலவாழ்வு நிலையத்துக்குச் சென்று, எழுதப்படிக்கத் தெரியாத முதியோர்க்கு அருகில் அமருங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள். சொன்னபடியே மருத்துவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவர் சொன்னதைத் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். கூடவே ஓர் ஏட்டில் அன்று கேட்ட நோய்ச் சொற்களைக் குறித்து வாருங்கள். எந்த ஊர், ஆணா பெண்ணா, என்ன அகவை, அச்சொல்லால் எதைக் குறித்தார் என்பன போதும்; நோயரின் பெயர் வேண்டா. ஆறு திங்களில் ஒரு வட்டத்தின் சொற்கள் சேர்ந்துவிடும். அவற்றை முதலில் அந்நிலையத்து மருத்துவரிடமே கொடுங்கள்.